இலையில் பதிந்த போர்: பின் டானின் மாற்று ஒளிப்படப் பயணம் – ஒரு நிகழ்வு ஆய்வு

டிஜிட்டலும் கடை பிரிண்டும் இல்லாமல் கையாலேயே படம் உருவாக்கும் மாற்று ஒளிப்பட முறைகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ரசாயனத்தோடு நின்றுவிடுகிறார்கள். எந்தக் காகிதம், எத்தனை சதவீதக் கரைசல், வெயிலில் எவ்வளவு நேரம் என்பதெல்லாம் விரிவாகக் கிடைக்கும். ஆனால் கையில் நல்ல டிஜிட்டல் கேமரா இருக்கும் ஒருவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் பழைய ஒரு முறையை ஏன் பிடித்துக்கொள்கிறார்? இதற்குப் பதில் கிடைப்பது அரிது. ‘கையால் செய்வதில் ஒரு நிறைவு’ என்பதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை.

வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பின் டான் என்ற ஒளிப்படக் கலைஞரை நான் இங்கே எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். அவருடைய வேலையில் இந்த ‘ஏன்’ தெளிவாகத் தெரிகிறது. முதலில் பச்சை இலை, அப்புறம் ரெசின் (ஊற்றினால் இறுகிக் கண்ணாடி போலாகும் செயற்கைப் பிசின்), ரெசினுக்குள் வண்ணத்துப்பூச்சி, கடைசியில் வெள்ளித் தகடு என்று அவர் கைமாற்றிக்கொண்டே போனார். ஒவ்வொரு முறை மாறும்போதும், அதற்கு முன்னால் அவர் சொல்ல வந்த விஷயம் மாறியிருந்தது. முறையை முதலில் கற்றுக்கொண்டு பிறகு அதற்கேற்ற பொருளைத் தேடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். இவர் போன வழி நேர் எதிர்.

தனக்கென்று படமில்லாத ஒரு போர்

டான் 1977-ல் பிறந்தார். வியட்நாம் போர் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1979-ல் குடும்பம் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. 1975-க்கும் 1995-க்கும் இடையில் வியட்நாமிலிருந்து படகேறி அண்டை நாடுகளின் கரையை அடைந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 8 லட்சம் பேர். கடலிலேயே மாண்டவர்கள் தனிக்கணக்கு. அந்த இடப்பெயர்வுக் காலத்தின் பிள்ளை அவர். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தில் வளர்ந்தார். பெற்றோர் அங்கே டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார்கள். சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடித்து, 2004-ல் ஸ்டான்ஃபோர்டில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

இந்த வரிசையில் ஒரு சிக்கல் இருக்கிறது. போர் அவர் வாழ்க்கையைத் தீர்மானித்தது. ஆனால் போரைப் பற்றிய நினைவு ஒன்றுகூட அவருக்குச் சொந்தமில்லை. அவருக்குக் கிடைத்த படங்கள் எல்லாமே மற்றவர்கள் எடுத்தவை. பத்திரிகைப் படங்கள், ராணுவ ஆவணங்கள், செய்தி நிறுவனங்களின் பிரதிகள். வியட்நாம் போரைப் போல இவ்வளவு நெருக்கமாகப் படம்பிடிக்கப்பட்ட போர் அதற்கு முன்னால் இல்லை. உலகமே பார்த்துப் பார்த்துப் பழகிப்போன படங்கள். அவற்றையே எடுத்து இன்னொரு காகிதத்தில் பிரிண்ட் போட்டால் பிரதிகளோடு பிரதியாக அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

ஆக, மாணவராக இருந்தபோதே அவர் முன்னால் நின்ற கேள்வி இதுதான்: கேமராவால் இனி எடுக்க முடியாத ஒன்றை, ஏற்கனவே எடுத்துத் தேய்ந்துபோன படங்களைக் கொண்டே எப்படிப் புதிதாகப் பார்க்க வைப்பது? போட்டோவில் இருக்கும் உருவத்தை மாற்ற முடியாது. அது எதன் மேல் நிற்கிறது என்பதை மாற்றலாம்.

புல்வெளியில் கிடந்த குழாய்

கோடைக்காலத்தில் புல்வெளியில் தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டுச் சில நாள் கழித்து எடுத்தால், அது கிடந்த இடம் மட்டும் வேறு நிறத்தில் தெரியும். சுற்றிலும் இருக்கும் புல் வெயில் வாங்கியிருக்கும், குழாயின் அடியில் இருந்தது வாங்கியிருக்காது. இந்தத் தடத்தைப் பார்த்துத்தான் இலையில் படம் பதிக்கும் யோசனை தனக்கு வந்ததாக டான் சொல்லியிருக்கிறார். எல்லோரும் பார்த்திருக்கும் காட்சிதான். அதைப் பார்த்து ‘இது ஒரு காண்டாக்ட் பிரிண்ட்’ (ஒன்றை நேராக மேலே வைத்து ஒளியில் எடுக்கும் படம்) என்று நினைக்க, டார்க்ரூமில் பழகிய கண் வேண்டும்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். படத்தை ஒளி ஊடுருவும் ஃபிலிம் தாளில் பாசிட்டிவாக, அதாவது கறுப்பு கறுப்பாகவும் வெளிச்சம் வெளிச்சமாகவும் இருக்கும்படி, அச்செடுக்க வேண்டும். நெகட்டிவ் வேண்டாம். கறுப்பு இருக்கும் இடத்தில் ஒளி தடைபட்டு இலையின் பச்சை அப்படியே நிற்கும். தாள் தெளிவாக இருக்கும் இடத்தில் வெயில் இறங்கிப் பச்சையை வெளுக்கும். அதனால் பாசிட்டிவ் பாசிட்டிவாகவே பதிகிறது. பறித்த இலையை ஒரு பலகையில் விரித்து, ஃபிலிமை அதன்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, கிளிப் போட்டு வெயிலில் வைக்க வேண்டும். இலை காய்ந்து சுருங்கிவிட்டால் வேலை போச்சு, ஆகவே காம்புக்குத் தண்ணீர் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நேரத்துக்குக் கணக்கு கிடையாது. இலையின் தடிமன், மெழுகுப் பூச்சு, வெயிலின் கடுமை இவற்றைப் பொறுத்துச் சில நாளில் படம் வரும், சில வாரமும் ஆகும். பெரும்பாலான இலைகள் வீணாகத்தான் போகும். கண்ணாடிக்குள் ஈரம் கோத்து அழுகும், வெந்து பழுப்பாகும், இல்லையென்றால் படம் வந்தும் அடையாளமே தெரியாது.

செடியின் நிறத்தை வெயிலில் வெளுக்க வைத்துப் படம் எடுப்பது டானுக்கு முன்னால் இல்லாததல்ல. ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-ல் பூக்களின் சாற்றைக் காகிதத்தில் பூசி இதைச் செய்துபார்த்தார். அதே ஆண்டில்தான் அவர் சயனோடைப் என்ற நீலநிறப் படமுறையையும் அறிவித்தார். அறிவியலாளர் மேரி சோமர்வில் அதையொட்டித் தாவரச் சாறுகளில் சோதனைகள் செய்து 1840-களில் வெளியிட்டார். அவர்கள் சாற்றைப் பிழிந்து காகிதத்துக்கு மாற்றினார்கள். டானின் இலை இலையாகவே இருக்கிறது. நரம்பு, ஓட்டை, பூச்சி அரித்த விளிம்பு எல்லாமே படத்தின் பகுதியாகிவிடுகின்றன.

பிரிட்டனைச் சேர்ந்த ஹெதர் அக்ராய்ட், டேன் ஹார்வி என்ற கலைஞர்கள் இருவரும் 1990-களிலிருந்து முளைத்துவரும் புல்லின் மேல் நெகட்டிவை ஒளிபாய்ச்சிப் பெரிய உருவப்படங்களை உண்டாக்கி வருகிறார்கள். அங்கே நடப்பது வேறு: ஒளி பட்ட புல் பச்சை பிடிக்கிறது, படாதது மஞ்சளாக நிற்கிறது. உயிர் வளர்வதில் படம் உருவாகிறது. பின் டானின் இலையிலோ பச்சையம் அழிவதில்தான் படம் உருவாகிறது. இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. இறந்தவர்களின் முகத்துக்கு இரண்டாவது வழியே சரி.

ஏன் இலை?

‘அழியாமை: வியட்நாம், அமெரிக்கப் போரின் எச்சங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் 2000-களின் தொடக்கத்தில் அவர் இந்த இலைப் படங்களைச் செய்யத் தொடங்கினார். துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள், குழந்தையைத் தூக்கிய தாய்மார்கள், கட்டிவைக்கப்பட்ட கைதிகள் எனப் பத்திரிகைகளிலும் ஆவணங்களிலும் இருந்த உருவங்கள் இலைக்கு வந்தன.

டான் இதற்குத் தரும் விளக்கம் பௌத்தப் பின்னணி கொண்டது. எதுவும் இல்லாமல் போவதில்லை, வேறொன்றாக மாறுகிறது. போரில் இறந்தவர்களின் உடல் மண்ணாயிற்று, மண்ணிலிருந்ததை வேர் உறிஞ்சிற்று, போரின் மிச்சம் அந்த நிலத்துச் செடிகொடிகளில் இன்னும் இருக்கிறது என்பது அவர் பார்வை. உருவத்தை இலையின் மேல் ஒட்டிவைக்காமல், இலைக்குள்ளேயே இருந்து அது வெளிவருவது போலச் செய்ததற்குக் காரணம் இதுதான்.

இதோடு நான் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கிறேன். வியட்நாம் போர் இலைகளின் மீதும் நடத்தப்பட்ட போர். 1962 முதல் 1971 வரை, ‘ராஞ்ச் ஹேண்ட்’ என்ற பெயரில் அமெரிக்க விமானப்படை தென் வியட்நாமின் காடுகள் மீதும் வயல்கள் மீதும் களைக்கொல்லிகளைத் தெளித்தது. எதிரி ஒளிந்துகொள்ள இலைமறைவு இருக்கக்கூடாது, உண்ணப் பயிர் இருக்கக்கூடாது என்பது நோக்கம். மொத்தம் 7 கோடி லிட்டருக்கும் மேல் கொட்டினார்கள். அதில் பெரும்பங்கு ஏஜென்ட் ஆரஞ்ச். அதில் கலந்திருந்த டயாக்சின் நச்சு மண்ணிலும் உடலிலும் தங்கி, அடுத்தடுத்த தலைமுறைகளிலும் அதன் பாதிப்பு பேசப்படுகிறது. சிப்பாய்கள் அணிந்த உடையில்கூட இலை வடிவம்தான் இருந்தது. 2010-ல் டான் ‘ராணுவ இலைத்தொகுதி’ என்ற பொருளில் தலைப்பிட்டு, உருமறைப்பு உடைகளின் வடிவங்களையே இலையில் பதித்தார். அந்த வரிசையைப் பார்த்த பிறகு அவருடைய முந்தைய இலைகளைத் திரும்பப் பார்த்தால், ஒரு சிப்பாயின் முகம் ஏன் வேறெதிலும் இல்லாமல் இலையில் இருக்க வேண்டும் என்பதற்கு விளக்கமே தேவைப்படாது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: அவர் இலைகளை எடுத்தது பெரும்பாலும் கலிஃபோர்னியாவில், வீட்டுத் தோட்டத்திலிருந்துதான். வியட்நாம் மண்ணின் இலைதான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஊர்விட்டு வந்த குடும்பம் புது ஊரில் வளர்த்த செடியின் இலையில் பழைய ஊரின் போர் தெரிகிறது. புலம்பெயர்ந்த வீடுகளில் வளர்ந்த நம்மவர்களுக்கும் இது புரியும்.

அழியும் படத்தை நிறுத்திவைத்தல்

சாதாரண பிரிண்டில் ஃபிக்ஸர் என்று ஒரு கட்டம் உண்டு. ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கிவிட்டால் படம் நிலைத்துவிடும். இலைக்கு அப்படி ஒன்று கிடையாது. எந்த வெயில் படத்தை உண்டாக்கியதோ அதே வெயில் மிச்சமிருக்கும் பச்சையையும் மெல்லத் தின்றுவிடும். இருட்டில் வைத்தாலும் முழுத் தீர்வில்லை. பச்சையத்தின் நடுவே ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. அமிலம் பட்டால் அது கழன்றுபோய் நிறம் மங்கிப் பழுப்பேறிய பச்சையாகிவிடும். புளி விட்ட கீரை பளிச்சென்ற பச்சையை இழப்பது இதனால்தான். மெக்னீசியம் போன இடத்தில் தாமிரத்தைப் புகுத்தினால் நிறம் ஓரளவு நிற்கும் என்பதால், இந்த முறையைக் கையாளும் சிலர் இலையை மயில்துத்தக் கரைசலில் நனைத்து எடுக்கிறார்கள்.

டான் தேர்ந்தெடுத்த வழி ரெசின். படம் பதிந்த இலையைத் தெளிவான ரெசினில் வார்த்து ஒரு கட்டியாக்கிவிடுவது. காற்றும் ஈரமும் உள்ளே போகாது.

இந்த இடத்தில் அவருடைய வேலை ஒளிப்படம் என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது என்பது என் கணிப்பு. பாதுகாப்புக்காகத் தொடங்கிய ஒன்று பொருளையே மாற்றிவிட்டது. தட்டையாக இருந்த படத்துக்கு இப்போது கனம் இருக்கிறது, விளிம்பு இருக்கிறது, நிழல் விழுகிறது. இயற்கை அறிவியல் காட்சியகத்தின் மாதிரிப் பேழை ஞாபகத்துக்கு வருகிறது. 2008-ல் செய்த ஒரு வரிசையில் இதை அவர் வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டார். முகம் பதிந்த இலையோடு பாடம்செய்யப்பட்ட வண்ணத்துப்பூச்சியும் சேர்ந்து ரெசினுக்குள் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சியின் இறகு மின்னுகிறது, முகம் மங்கலாக இருக்கிறது. கண் முதலில் இறகுக்குப் போகிறது. அப்புறம்தான் முகத்தைப் பார்க்கிறோம், பார்த்ததும் அந்த மின்னல் ஒரு சங்கடத்தைக் கொடுக்கிறது.

கலப்பு ஊடகம் என்ற பெயரில் எதையெதையோ சேர்த்து ஒட்டும் வேலைகளை நிறையப் பார்க்கிறோம். மணி ஒட்டுவது, நூல் தைப்பது, தங்கப் பூச்சு அடிப்பது. சேர்த்ததை எடுத்துவிட்டால் படைப்பு தாங்குமா என்பது நல்ல சோதனை. டானின் ரெசினை எடுத்துவிட்டால் படமே சில காலத்தில் இருக்காது. சேர்த்த பொருளுக்கு அவ்வளவு வேலை இருக்கிறது.

ஒரு வாரத்தின் இறந்தவர்கள்

1969 ஜூன் 27 தேதியிட்ட ‘லைஃப்’ இதழ், ஒரே வாரத்தில் வியட்நாமில் இறந்த 242 அமெரிக்கர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. அவர்களில் பெரும்பாலோரின் உருவப்படங்களைப் பக்கம் பக்கமாக வரிசைப்படுத்தியிருந்தது. எண்ணிக்கையாக மட்டுமே செய்தியில் வந்துகொண்டிருந்த சாவு, பள்ளிக்கூடப் படங்களாகவும் ராணுவச் சீருடைப் படங்களாகவும் வீட்டுக்குள் வந்தது. போருக்கு எதிரான மனநிலை பரவியதில் அந்த இதழுக்கு ஒரு பங்கு உண்டு என்பது வரலாற்றாளர்கள் பலரின் கருத்து.

2006-ல் டான் அந்தப் பக்கங்களை இலையிலும் புல்லிலும் பதித்தார். கடவுச்சீட்டுப் படம் மாதிரி இருந்த முகங்கள். அவர்களில் பலருக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்காது. வியட்நாமிய அகதிக் குடும்பத்துப் பிள்ளை அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் செய்த நினைவுச் சின்னம் அது. ‘யாருடைய சாவு’ என்ற பாகுபாடு அந்த இலைகளில் இல்லை. பிற்பாடு கவிஞர் ராபர்ட் ஷுல்ட்ஸுடன் சேர்ந்து, 1860-களின் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து உருவப்படங்களையும் அவர் இலைக்குக் கொண்டுவந்தார். முறை அதுவே, போர் வேறு. இங்கே எனக்கு ஒரு சிறு தயக்கம் உண்டு. வியட்நாமின் இலைக்கு இருந்த கட்டாயம் உள்நாட்டுப் போரின் இலைக்கு அதே அளவு இல்லை. படங்கள் அழகானவை, ஆனால் முறை கொஞ்சம் முன்னால் வந்து நிற்கிறது.

துவோல் ஸ்லெங்: இலையிலிருந்து வெள்ளிக்கு

கம்போடியத் தலைநகர் நோம் பென்னில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் அது எஸ்-21 என்ற ரகசியச் சிறையாக மாறியது. 1975-க்கும் 1979-க்கும் இடையில் குறைந்தது 12,000 பேர் அங்கே அடைக்கப்பட்டார்கள். உயிரோடு மீண்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். உள்ளே வந்த ஒவ்வொருவரையும் சிறை நிர்வாகமே படம்பிடித்துப் பதிவு செய்தது. கழுத்துக்குக் கீழே எண் அட்டை, கேமராவை நேராகப் பார்க்கும் கண்கள். இன்று அந்த இடம் துவோல் ஸ்லெங் இனப்படுகொலை அருங்காட்சியகம். அந்தப் படங்கள் சுவர் சுவராக மாட்டப்பட்டிருக்கின்றன.

இந்தப் படங்களைக் கலையாகக் காட்டலாமா என்ற சண்டை பழையது. 1997-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இவற்றில் சிலவற்றைக் காட்சிக்கு வைத்தபோது கடும் விமர்சனம் எழுந்தது. படமெடுத்தவர் கொலைகாரர்களின் ஊழியர். படத்தில் இருப்பவர் சம்மதம் கொடுத்தவரல்ல. அந்த முகத்தை மறுபடி காட்டும் ஒவ்வொருவரும் அந்தக் கேமராவின் பக்கத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

டான் இந்த முகங்களை இலையிலும் பதித்தார், டாகரோடைப் தகட்டிலும் பதித்தார். டாகரோடைப் எடுத்துக்கொண்டதில் அவர் மேற்சொன்ன சிக்கலுக்கு ஒரு பதில் கண்டிருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். அதைப் புரிந்துகொள்ள முறையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

1839-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட டாகரோடைப்தான் முதலில் பரவலான ஒளிப்பட முறை. வெள்ளி பூசிய செம்புத் தகட்டை முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஆகும்வரை மெருகேற்ற வேண்டும். இதுதான் உயிரை வாங்கும் கட்டம். ஒரு கீறல், ஒரு விரல்ரேகை இருந்தாலும் கடைசியில் தெரிந்துவிடும். பிறகு தகட்டை அயோடின் ஆவியில் காட்டுவார்கள். மேற்பரப்பு மஞ்சளாகி, ரோஜா நிறத்துக்குப் போகும். நிறத்தைப் பார்த்தே பக்குவம் சொல்ல வேண்டும். புரோமின் ஆவியையும் சேர்த்தால் வேகம் கூடும். கேமராவில் ஒளி காட்டிய பின் பாதரச ஆவியில் படம் எழும்பும். கடைசியில் ஹைப்போ என்ற ஃபிக்ஸர் கரைசலில் கழுவி, தங்கக் குளோரைடால் வலுவேற்றி, கண்ணாடிக்கு அடியில் அடைத்துவிடுவார்கள். பாதரச ஆவி நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும் விஷம். சரியான புகைபோக்கி அறை இல்லாமல் இதை வீட்டில் முயலவே கூடாது. பாதரசமே இல்லாமல், சிவப்பு அல்லது மஞ்சள் வடிகட்டியின் வழியே ஒளியாலேயே படத்தை எழுப்பும் பெக்கரல் முறை என்று ஒன்றும் உண்டு. இன்று பழகுபவர்கள் பலர் அதையே நாடுகிறார்கள்.

இதற்கு நெகட்டிவ் கிடையாது. ஒரு தகடு, ஒரு படம். கையில் பிடித்துச் சாய்த்தால் நேர்ப்படமும் எதிர்ப்படமும் மாறி மாறித் தெரியும். மிக முக்கியமாக, அது கண்ணாடி. எதிரே நிற்பவரின் முகம் அதில் தெரியாமல் இருக்காது.

அப்படியென்றால் துவோல் ஸ்லெங் கைதியின் டாகரோடைப் முன்னால் நிற்பவருக்கு என்ன நடக்கிறது? முதலில் தெரிவது தன் முகம்தான். தலையைச் சற்றுத் திருப்பினால்தான் அந்தக் கைதி வருகிறார். அவரைப் பார்க்க நாம் உடம்பை அசைத்து ஓர் இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொலைக்களத்து கேமரா இருந்த இடத்திலிருந்து நம்மை நகர்த்தி, அந்த முகத்தோடு ஒரே தகட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறது அந்தப் பொருள். இலை மறைந்துகொண்டிருப்பதைச் சொல்லிற்று. இங்கே வேண்டியிருந்தது மறையாமல் நம்மைத் திரும்பிப் பார்க்கும் ஒன்று. சம்மதம் இல்லை என்ற குறையை எந்த முறையும் தீர்த்துவிடாது. ஆனால் பார்ப்பவரைப் பொறுப்பில்லாமல் பார்க்க விடுவதில்லை என்ற அளவில் இந்தத் தேர்வு எனக்கு நேர்மையாகத் தெரிகிறது.

வேனுக்குள் இருட்டறை

2010-க்குப் பிறகு டான் டாகரோடைப்போடு அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குப் போனார். முதலில் யோசெமிட்டி. தகட்டை அங்கேயே தயார் செய்து, அங்கேயே எழுப்ப வேண்டியிருப்பதால் ஒரு வேனை நடமாடும் இருட்டறையாக மாற்றிக்கொண்டார். டாகரோடைப்பைக் கண்டுபிடித்த லூயி டாகரின் முதற்பெயரையே வைத்து அந்த வேனுக்கு ‘லூயி’ என்று பெயர்.

போரின் முகங்களை விட்டுவிட்டு மலையும் அருவியும் எடுக்கக் கிளம்பியது திசைமாற்றமாகத் தோன்றலாம். குடும்பக் கதையைப் பார்த்தால் அப்படி இல்லை. கடையைக் கட்டிக்கொண்டு அழுத பெற்றோருக்கு யோசெமிட்டிக்குச் சுற்றுலா போக நேரமும் வசதியும் இருக்கவில்லை. சில மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த அந்த இடம், அமெரிக்கா என்றால் இதுதான் என்று உலகம் முழுக்கப் படங்களில் பார்த்த இடம், அவருக்கு அந்நியமாகவே இருந்தது.

யோசெமிட்டி ஒளிப்படத்தால் உண்டான இடம் என்றே சொல்லலாம். சார்லஸ் வீட் 1859-ல் அங்கே கேமராவைக் கொண்டுபோனார். கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-ல் மாபெரும் கண்ணாடித் தகடுகளில் எடுத்த காட்சிகள் கிழக்கே போய்ப் புகழ்பெற்றன. 1864-ல் ஆபிரகாம் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். பிறகு வந்த ஆன்சல் ஆடம்ஸ் அதை ஒவ்வொரு வீட்டு நாள்காட்டிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தப் படங்களில் மனிதர்களே இல்லை. அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்கள் மீது 1851-ல் ஆயுதப் படை ஏவப்பட்டு அவர்கள் விரட்டப்பட்ட கதையும் அவற்றில் இல்லை.

டாகரோடைப் வழக்கொழியும் தறுவாயில்தான் யோசெமிட்டி கேமராவுக்குள் வந்தது. ஆகவே டான் பழைய படம் ஒன்றைத் திரும்பச் செய்யவில்லை. வரலாற்றில் ஏறக்குறைய இல்லாமல் போன ஒரு படத்தைச் செய்கிறார். தகடு நீல ஒளிக்கு அதிகம் கூசும். வானத்தில் ஒளி மிகுந்துபோனால் அந்தப் பகுதி சாயம் கலக்காமலே நீலமாக மாறிவிடும். பழைய கைவினைஞர்கள் இதைக் குறை என்று தவிர்த்தார்கள். டானின் சில தகடுகளில் அந்த நீலமே வானமாகிறது. தகட்டின் முன் நிற்பவர் எந்த நிறத்தவராக, எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், பாறைக்கும் அருவிக்கும் நடுவே அவர் முகம் தெரியும். பார்ப்பவர்கள் இந்த நிலத்துக்குள் தங்களைக் காண வேண்டும் என்பதே தன் நோக்கம் என்று டான் விளக்கியிருக்கிறார். மனிதர் இல்லாத புகழ்பெற்ற நிலக்காட்சிக்குள் அகதியின் பிள்ளை ஒருவர் ஆள்சேர்க்கிறார், அதுவும் அந்தப் பொருளின் இயல்பைக் கொண்டே. இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த திருப்பம் இது.

முயல்பவர்களுக்கு

இப்போது டான் தான் படித்த சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகத்திலேயே ஒளிப்படம் கற்பிக்கிறார். இலைப் படமும் அவரோடு நின்றுவிடவில்லை. இந்தியாவிலும் பலர் முயல்கிறார்கள். செலவில்லாதது, விஷமில்லாதது, வெயிலுக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை. அதனால் சில வார்த்தைகள்.

மெல்லிய, அகலமான, மெழுகுப்பூச்சு குறைந்த இலையைத் தேடுங்கள். தடித்த இலை அடம்பிடிக்கும். ஃபிலிமில் கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்க வேண்டும். இங்க்ஜெட் பிரிண்டர் தரும் கறுப்பு பெரும்பாலும் போதாது, ஒரே படத்தை இரண்டு தாளில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்தினால் தேறும். நடுச்சாயல் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல்) நிறைந்த படம் இலையில் கலங்கிவிடும், வெளிச்சமும் நிழலும் பிரிந்து நிற்கும் முகமே எழும்பும். நண்பகல் வெயிலில் கண்ணாடிக்குள் வெக்கை ஏறி இலை வெந்துவிடும் என்பதால் காலை வெயிலில் தொடங்குவது நல்லது. இடையிடையே திறந்து கண்ணாடியில் கோத்த நீரைத் துடைக்க வேண்டும், ஆனால் ஃபிலிம் இம்மியும் நகரக்கூடாது. ஒரு ஓரத்தை டேப் போட்டு ஒட்டிவைத்தால் புத்தகப் பக்கம் மாதிரித் திறந்து மூடலாம்.

ரெசின் ஊற்றுவதற்கு முன் இலையை நன்றாக அழுத்திக் காயவைக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் உள்ளேயே குமிழும் புகைமூட்டமும் வரும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். ரெசினும் நிரந்தரமல்ல, புற ஊதாக் கதிர் பட்டால் ஆண்டுகள் போகப்போக மஞ்சளடிக்கும். அருங்காட்சியகங்கள் இப்படிப்பட்ட பொருட்களை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சத்தில்தான் காட்டுகின்றன. வீட்டில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டவே வேண்டாம். விற்பதாக இருந்தால் வாங்குபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.